உள்தாழ்ப்பாள்

பிப்ரவரி 6

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். அங்கே குளிர் விட்டதா? கையில் வெடிப்பு ஆறியதா? நர்ஸுக்கு நான் மருந்து சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் படுக்கப் போகும்போது கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்.

போனில் பேசலாம் என்றால், உன் ஹாஸ்டலில் பின்னால் வரிசை நிற்கிறது. நம் வீட்டிலோ போன் நடுக்கூடத்தில் இருக்கிறது. எனக்கும் எழுதினால்தான் பேச்சு ஒழுங்காக வருகிறது.

நேற்று நகர்மன்றத்தின் முதல் கூட்டம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளை ‘வார்டு உறுப்பினர் அவர்களே’ என்று கூப்பிட்டால், யாரையோ சொல்கிறார்கள் என்று நானும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். மன்றக் கூடம் நீ நினைப்பதைவிடச் சின்னது. ஒரு நீள மேசை, அதன்மேல் பச்சைத் துணி, துணியில் பழைய மைக்கறை. ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று தின்று பாதியாக்கிவிட்டது. மைக் ஒன்றுதான். யார் கைக்குப் போனாலும் முதலில் அது தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகுதான் ஆளைப் பேச விடுகிறது.

குப்பை வண்டிக்குச் சக்கரம் வாங்குவதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். சக்கரம் வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. இருந்தும் பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. எல்லோரும் கை தூக்கும்போது நானும் தூக்கினேன்.

உன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். பிறகு பட்டறையில் ஏதோ அவசரம் என்று போய்விட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. டியூட்டி மாறினால் சொல்.

அன்புடன்,
உன் அண்ணி

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

கை ஆறிவிட்டது. உங்கள் எண்ணெய் வைத்தியத்தை நோயாளிகளுக்கும் சொல்லிவிட்டேன், டாக்டருக்கு மட்டும் தெரியாது. உங்களுக்குக் கழுத்துவலி எப்படி இருக்கிறது? மேடையில் மாலை போட்டுப் போட்டு அதிகமாகியிருக்குமே!

உங்கள் கடிதத்தை என் அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டினேன். கவுன்சிலரின் நாத்தனார் என்று அவள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். பதவியின் முதல் பலன் எனக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அண்ணன் எப்படி இருக்கிறான்? நம் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்த அன்று அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எத்தனை வருஷ ஆசை! பிறகு உங்களை நிற்க வைத்துவிட்டு, “பேருக்குத்தான் அவ, வேலையெல்லாம் நான்தான்” என்று பட்டறைக்கு வருகிற படகுக்காரர்களிடம் எல்லாம் சொன்னானே. நீங்களும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போதும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறானா? எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இன்ஜின் கழற்றுகிற கைக்குப் பேனா பிடிக்க வராதா என்ன?

அடுத்த கூட்டத்திலாவது வாயைத் திறங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிட்டு

*

மார்ச் 18

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் இப்போதே ஆளை வறுக்க ஆரம்பித்துவிட்டது. உனக்கு அந்தக் கவலை இல்லை.

வாயைத் திறந்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், கேள்.

மீன் ஏலக்கூடத்தில் கூவி விற்கிற கணீர் அக்காவை உனக்குத் தெரியுமே. அவள் பேசினால் நடுக்கடலில் இருக்கிற படகு திரும்பிப் பார்க்கும். போன வாரம் இன்னும் சில பெண்களோடு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என்ன சொன்னாள் என்று முதலில் எனக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு பெரிய குரல் அன்றைக்குக் காதோடு வந்தது.

“ஏலக்கூடத்துல எங்களுக்கு ஒரு கழிப்பறை வேணும்மா. நீ ஓட்டுக் கேட்டு வந்தப்பவே சொல்லணும்னு இருந்தேன். கூட ஆம்பளைங்க நின்னாங்க. வாய் வரல.”

விடிவதற்கு முன்னே வந்து மதியம் தாண்டிப் போகிறவர்கள். ஏலநாளில் காலையில் இருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். அந்தக் கூடத்தின் எதிரில் நான் அத்தனை வருஷம் ஐஸ் கணக்கு எழுதினேன். கம்பெனிக்குள் கழிப்பறை இருந்ததால் எனக்கு இது தோன்றவே இல்லை.

கூட்டத்தில் எழுந்தேன். “ஏலக்கூடத்துல பெண்களுக்கு வசதி செஞ்சு தரணும்” என்றேன். தலைவர், “என்ன வசதி?” என்றார். “அடிப்படை வசதி.” “தண்ணியா, லைட்டா?” எனக்கும் வாய் வரவில்லை, பார். கடைசியில் மைக்கைப் பிடித்து, “கழிப்பறைங்க” என்றேன். கடைசி வரிசையில் ஒரு உறுப்பினர், “எதிர்லயே இவ்வளவு பெரிய கடல் இருக்கே” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “உங்க வீட்டுக்குப் பின்னாலயும் பெரிய காலி மனை இருக்கு. அதுக்காக வீட்டுல கட்டாம விட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பொறியாளர் இடம் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று தீர்மானம் ஆனது.

வேலைக்கு நடுவில் நீயாவது தண்ணீர் குடி.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன், தண்ணீரும் குடிக்கிறேன். போதுமா?

அந்தக் காலிமனைப் பதிலை ஹாஸ்டல் முழுக்க நடித்துக் காட்டிவிட்டேன். அண்ணன் என்ன சொன்னான்? துள்ளிக் குதித்திருப்பானே. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவனும் எழுதவில்லை.

கட்டடம் எங்கே வரப்போகிறது? எனக்குத் தெரிந்து ஏலக்கூடத்தைச் சுற்றிக் கால் வைக்க இடம் கிடையாது. ஒரு பக்கம் ஐஸ் கம்பெனி, ஒரு பக்கம் பார்சல் ஆபீஸ், இன்னொரு பக்கம் நம் பட்டறை. எப்படியும் விட்டுவிடாதீர்கள்.

அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் சிட்டு

*

மே 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். தெருநாய்கள், கொசு மருந்து, உடைந்த சாக்கடை மூடி என்று தினமும் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. நாய் பிடிக்கிற வண்டி போன வாரம்தான் வந்தது. நாய்கள் எல்லாம் ஓடிப்போய் அந்த வண்டியின் அடியிலேயே படுத்துக்கொண்டன. வண்டிக்காரர் இறங்கித் தேடிவிட்டு, இந்தத் தெருவில் நாயே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கழிப்பறைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் கம்பெனி முதலாளியைக் கேட்டால், “கண்டிப்பா வேணும், ஆனா என் சுவத்துக்குப் பக்கத்துல வேணாம்” என்கிறார். பார்சல் ஆபீஸிலும் அதே பாட்டு. பார்ப்போம்.

ஒரு வேடிக்கை கேள். உன் அண்ணன் எனக்கு மனு எழுத ஆரம்பித்திருக்கிறார்! அலுவலகத்தில் தபால் தட்டைப் புரட்டினால் அவர் கையெழுத்து. ‘பெருமதிப்பிற்குரிய வார்டு உறுப்பினர் அவர்களின் மேலான கவனத்திற்கு. மேற்படி வார்டில் வசித்துவரும் குடிமகனாகிய நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், எங்கள் தெருமுனை விளக்கு கடந்த பல நாட்களாக எரியவில்லை.’ நானும் முறைப்படி பதில் போட்டேன்: ‘தங்கள் மனு பெறப்பட்டு மின்பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ பியூன் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தார். விளக்கு இப்போது எரிகிறது. அடுத்த மனு சாக்கடை மூடியைப் பற்றி.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். நீயும் சிரி. உடம்பு பத்திரம்.

அண்ணி

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை சும்மா வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மனுவைப் படித்து நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன், சாப்பிட உட்காரும்போது “லைட்டு எரியல” என்று சொல்லியிருக்கலாமே? எதற்கு மனு?

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பவும் படித்தேன். தலைவர் பேசுகிறார், கணீர் அக்கா பேசுகிறாள், மைக்கூடப் பேசுகிறது. அண்ணன் பேசியதாக ஒரு வாக்கியம்கூட இல்லை.

அண்ணி, நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையா?

மழுப்பாமல் எழுதுங்கள்.

சிட்டு

*

ஜூன் 15

அன்புள்ள சிட்டுவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ கேட்டுவிட்டாய், இனி மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் கூட்டத்தன்று என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். யாருக்கு என்று பியூனைக் கேட்டேன். “அண்ணனுக்குங்க. போன மன்றத்துலயும் பொம்பளை உறுப்பினருங்க பக்கத்துல வீட்டுக்காரருக்கு ஒண்ணு போடுவோம். அவங்க சொன்னா இவங்க கை தூக்குவாங்க” என்றார். உன் அண்ணன் வாசலில் நின்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் என்ன வந்ததோ. “எடுத்துருங்க. அவருக்கு இங்க வேலை இல்ல” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், சிட்டு. அந்தப் பாழாய்ப்போன மைக் எனக்கு முன்னால் இருந்தது எனக்குத் தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டது. வாசலிலும் கேட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. தண்ணீர் பிடித்து வைக்கிறார், கதவைப் பூட்டுகிறார், என் செருப்பு அறுந்தால் தைத்துக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறார். நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்னும் நினைக்கிறேன். சொன்ன விதத்தை நினைத்தால்தான் குறுகிப்போகிறேன். அதைச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது. பொறியாளர் என் மேசையில் வரைபடத்தை விரித்தார். ஒரு சிவப்புக் கோடு பட்டறையின் பக்கச்சுவரை ஒட்டிப் போகிறது. பட்டறை நம்முடையதுதான். பக்கத்தில் மாமா பிற்பாடு இறக்கிய தகரக் கொட்டகை மட்டும் முழுக்க நகராட்சி இடத்தில் இருக்கிறது. பொறியாளர் குரலைத் தாழ்த்தி, “மேடம், நீங்க சொன்னா இந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்” என்றார். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பிறகு, “இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன்.

நகராட்சி நோட்டீஸைப் பியூன் கொண்டுபோய்க் கொடுத்தார். உன் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கி, இன்ஜின் பெல்ட் மாட்டுகிற ஆணியில் அதையும் மாட்டிவிட்டார்.

மாமா தன் கையால் நட்ட கம்பங்கள் அவை. எனக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசிக் கூட்டத்தில் முடிவாகும். நீ அந்த வீட்டுப் பெண். என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அண்ணி

*

ஜூலை 24

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. டியூட்டி அதிகமோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

கோபமா என்று கேட்கமாட்டேன். கோபம் என்றால் அது நியாயம்தான். நல்லபடியாக இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் போடு, போதும்.

இரண்டு நாள் மழை. அலுவலகத்தில் பழைய கோப்பு அலமாரிக்கு மேலே ஒழுகுகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம்.

அண்ணி

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறாய்? முதுகுவலி தேவலையா? குனிந்தே வேலை பார்க்காதே என்று எத்தனை முறை சொன்னேன்.

அண்ணி எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். நான் இன்னும் பதில் போடவில்லை. போட்டிருந்தால் கண்டபடி எழுதியிருப்பேன். அப்பாவின் கொட்டகையில் கை வைக்க வீட்டுக்கு வந்தவளுக்கு என்ன உரிமை என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

போன வாரம் எங்கள் வார்டில் ஒரு அம்மாள், இடுப்பு எலும்பு முறிந்தவர், நடக்கத் தொடங்கியிருக்கிறார். பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. “புடிச்சுக்கோம்மா. போயிடாத. ஏதாவது பேசிக்கிட்டே இரு” என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச என்ன இருக்கிறது? என்னை அறியாமல் பாடினேன்.

அண்ணா, அது நீ பாடுகிற அதே பாட்டு. உனக்கு ஞாபகம் வருகிறதா? அம்மா ஏலக்கூடத்தில் கூடை வைத்திருந்தபோது நம் இரண்டு பேரையும் கூப்பிடுவாள். பட்டறைக்குப் பக்கத்துச் சந்தில் நீ தார்ப்பாயின் ஒரு முனை, நான் மறுமுனை. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்போம். யாருக்கும் எதுவும் கேட்கக் கூடாது என்று நீ தொண்டை கிழியப் பாடுவாய். அம்மா முடித்ததும் அடுத்தவள் வருவாள், அதற்கடுத்தவள் வருவாள். “பாட்டுக்காரன் வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்களே.

அந்தச் சந்தில்தான் அப்பா கொட்டகையை இறக்கினார். தொழில் பெருகியது, நமக்கும் சந்தோஷமாக இருந்தது. அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்குத் தெரிந்தே இருக்காது. யார் போய் அவரிடம் சொல்வது?

நான் உனக்குப் புத்தி சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது. இதைச் சொல்ல இந்த உலகத்தில் உன்னைத் தவிர வேறு ஆளில்லை.

மாத்திரையை மறக்காமல் போடு.

சிட்டு

*

செப்டம்பர் 3

சிட்டு,

நான் நலம். முதுகும் நலம். உன் கடிதம் கிடைத்தது. கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, மனுதான் எழுதுவேன் என்று உனக்கே தெரியும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதால்தான் என்று நினைத்துக்கொண்டு மிதக்காதே. நானே ஒரு மாதமாகக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பாட்டுக்காரன் விஷயத்தை நீ எழுதியிருக்க வேண்டாம். பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள். கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். நம் பொருள் வருவதற்குள் மூன்று தெருவுக்குப் பெயர் வைத்து ஒரு குளத்தைக் குத்தகைக்கும் விட்டுவிட்டார்கள். பிறகு தலைவர் உன் அண்ணியைப் பார்த்து, “அம்மா, நீங்க வேணும்னா கொஞ்ச நேரம் வெளிய போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க. நாங்க முடிச்சு வெச்சிடறோம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க” என்றார். நானும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

எழுந்து நின்றாள். “அந்தக் கொட்டகை என் வீட்டுக்காரருது. அது நகராட்சி இடத்துல இருக்கு. என் மாமனார் கஷ்டப்பட்டுப் போட்டது, அவரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாது. அதனால இதுல நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆனா வெளிய போக மாட்டேன். இந்த எடம்தான் சரியான எடம்னு சொல்லிட்டுத்தான் உக்காருவேன்” என்றாள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தாள்.

பொதுமக்களில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஆணையர் கேட்டார். நான் எழுந்தேன். எல்லோரும் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்கள். உன் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆட்சேபணை இல்லைங்க. ஒரே ஒரு கோரிக்கை. கொட்டகைய நானே பிரிச்சுக்கறேன். உங்க ஆளுங்க வந்தா நல்ல தகரத்தையும் நசுக்கிடுவாங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அது நல்ல தகரம். தலைவர், “அண்ணன் ஏன் அங்க உக்காந்திருக்கீங்க, முன்னால வாங்க” என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். “எனக்கு இங்கயே வசதியா இருக்கு” என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் எனக்கு முன்னால் நடந்தாள். இத்தனை மாதம் ஆன பிறகு எதைச் சொல்லி ஆரம்பிப்பது? “அந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசு. கொர்ருங்குது” என்றேன். நின்றுவிட்டாள். நடுத்தெருவில் நின்று அழுதாள். அப்புறம் அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். நாற்காலியை எடுக்கச் சொன்னதற்கு இல்லையாம், மைக்கில் சொன்னதற்கு மட்டுமாம். அதிலும் கறார். நானும், பேருக்குத்தான் அவள் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அதோடு விட்டுவிட்டோம். ரோட்டில் ஆட்கள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைப் பிரித்தேன். கம்பம் ஒன்று வர மாட்டேன் என்றது. அப்பா போட்ட சிமெண்ட், கேட்கவா வேண்டும். தோண்டி எடுத்தபோது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் அண்ணி டார்ச் பிடிக்கிறேன் என்று பகல் வெளிச்சத்தில் டார்ச்சோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

அவளுக்குப் பதில் எழுது. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறாள்.

அண்ணன்

*

செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமா? கழுத்துவலி, கால்வலி, மனவலி எல்லாம் எப்படி?

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று மாதம் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். பேசாமல் இருப்பது எங்கள் வீட்டு வியாதி. அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருக்கிறது. எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தது, அண்ணி. உங்கள்மேல் என்று நினைத்தேன். யார்மேல் என்று இப்போது தேடிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

மாமனாரைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக் கூடாது என்று கூட்டத்தில் சொன்னீர்களாமே. அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

எனக்கு டிசம்பரில் லீவு கேட்டால் கிடைக்காது, மார்ச்சில்தான் தருவார்கள். அதற்குள் கட்டி முடித்துவிடுவார்களா? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சுண்ணாம்பு என்ன நிறம் என்பதுவரைக்கும் எனக்குத் தெரிய வேண்டும்.

இனி இப்படிச் செய்ய மாட்டேன். செய்தால் மனு அனுப்புங்கள்.

உங்கள் சிட்டு

*

டிசம்பர் 12

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். நான் மட்டும் சொல்லவில்லை, உன் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து, “நலம்னு போடு” என்கிறார். நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

சுண்ணாம்பு வெளிர்நீலம். நான் மஞ்சள் கேட்டேன், ஒப்பந்தக்காரரிடம் நீலம்தான் மீதி இருந்ததாம். கட்டடம் பெரிதில்லை. நான்கு அறை, கை கழுவ ஒரு தொட்டி, உயரமாகக் காற்றுக்கு ஜன்னல். மேலே தண்ணீர் டாங்க். எல்லாம் சரியாக வந்ததா என்று கேட்காதே. முதல் தடவை கதவுகளைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். தாழ்ப்பாள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. நான் போய் நின்று கழற்றி மாட்டச் சொன்னேன்.

நேற்றுத்தான் திறப்புவிழா. தலைவர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. ஏலம் முடிகிற நேரத்துக்கு வருகிறேன் என்றார். ஏலம் முடிந்தது, ஆள் வரவில்லை. பொறியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பியூன் தட்டில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நிற்கிறார். பெண்கள் எல்லோரும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். உன் அண்ணன் பட்டறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கணீர் அக்கா என்னிடம் வந்தாள். “அவரு எப்பம்மா வருவாரு?”

“வந்துடுவாருக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“இத்தன வருஷம் பொறுத்தாச்சு” என்றாள். அந்தக் குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கூடையை என் கையில் கொடுத்தாள். ரிப்பனை ஒரு கையால் தூக்கினாள், குனிந்தாள், உள்ளே போய்விட்டாள். பொறியாளர், “அம்மா, அம்மா” என்று இரண்டடி ஓடினார். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்த சத்தம் டக் என்று கேட்டது.

அந்தச் சமயம் பார்த்துத் தலைவரின் ஜீப் வந்து நின்றது. ரிப்பனுக்கு முன்னால் வந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவரைப் பொறியாளர் காதில் ஏதோ சொல்லி நிறுத்தினார். தலைவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் என்ன செய்வார்? கத்தரிக்கோலும் கையுமாக நின்றார். ஊரே நின்றது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒருத்தி முதலில் கிளுக்கென்று சிரித்தாள், அவ்வளவுதான், பிறகு அடக்க முடியவில்லை. தலைவரும் சிரித்துவிட்டார், பாவம், நல்ல மனுஷன்தான். நான் திரும்பிப் பார்த்தேன். உன் அண்ணன் பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னும் சிரித்தார். மீன்கூடையை மறந்துவிட்டு நானும் சிரித்தேன். ஒரு மீன் என் காலில் விழுந்தது.

அவள் மெதுவாகத்தான் வெளியே வந்தாள். அவசரமே படவில்லை. ரிப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நேரே தலைவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“எல்லாம் நல்லா இருக்குங்கய்யா. தண்ணியும் வேகமா வருது. உள்ள ஒரு கண்ணாடி மாட்டக் கூடாதா? மூஞ்சி கழுவிட்டுத் தலை சீவிட்டுப் போவோம்ல?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “அடுத்த கூட்டத்துல வெக்கறேங்க.”

நேற்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். பொருள்: ஏலக்கூடப் பெண்கள் கழிப்பறைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்குதல். பெரியதாகவே கேட்டிருக்கிறேன். மார்ச்சில் நீ வரும்போது மாட்டியிருப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணன் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணி